கப்பல் சுற்றுலா: ஏஜென்ட்டிடமா, ஆன்லைனிலா?

கப்பலில் உல்லாசப் பயணம் என்பது நம் ஊர்க் குடும்பங்களுக்கும் எட்டும் விஷயமாகிவிட்டது. 2022 ஜூனில் கார்டெலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பியது. அடுத்த ஆண்டு ஜூன் 5-ஆம் தேதி அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கையைச் சுற்றி வரப் புறப்பட்டது. சிங்கப்பூருக்குப் பறந்து, மரினா பே துறையில் கப்பலேறி, பினாங்கையோ புக்கெட்டையோ எட்டிப் பார்த்துவிட்டு வருபவர்களும் பெருகிவிட்டார்கள். ரயிலுக்கும் விமானத்துக்கும் செல்போனிலேயே டிக்கெட் எடுத்துப் பழகிய கை, இதற்கும் அப்படியே எடுத்துவிடலாமா என்று துடிக்கிறது. எடுக்கலாம்தான். ஆனால் கப்பல் டிக்கெட் வெறும் டிக்கெட் இல்லை. தங்குமிடம், சாப்பாடு, நான்கு நாட்டுக் குடிநுழைவுச் சட்டம், வானிலை எல்லாம் ஒரே தாளில் அடங்கிய ஒப்பந்தம். அதை எங்கே வாங்குவது என்று முடிவெடுக்கச் சில குறிப்புகள்.

1. ஏஜென்ட்டிடம் போனால் விலை கூடும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். பெரிய கப்பல் நிறுவனங்கள் ஏஜென்ட்டுக்கும் தங்கள் இணையதளத்துக்கும் பெரும்பாலும் ஒரே கட்டணத்தைத்தான் கொடுக்கின்றன. ஏஜென்ட்டின் கமிஷன் அந்தக் கட்டணத்துக்குள்ளேயே இருக்கிறது. நிறுவனம் தன் பங்கிலிருந்து கொடுக்கிறது. அடிப்படைக் கட்டணத்துக்கு மட்டும்தான் கமிஷன். துறைமுக வரி, அரசு வரிக்குக் கிடையாது. நேரடியாக வாங்கினால் அந்தக் கமிஷன் உங்களுக்குத் தள்ளுபடியாக வந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம், அது நிறுவனத்திடமே தங்கிவிடும். ஆக, கேட்க வேண்டிய கேள்வி, ‘இணையதளத்தில் இருக்கும் விலைக்கு மேல் உங்கள் சேவைக் கட்டணம் தனியாக உண்டா?’ என்பது. சிலர் வாங்குகிறார்கள். சிலர் வாங்காததோடு, தங்கள் கமிஷனிலிருந்து ஒரு பகுதியைக் கப்பலில் செலவழிக்கும் பணமாக உங்கள் கணக்கில் வரவு வைக்கிறார்கள். நாமாகக் கேட்காமல் இது கிடைப்பதில்லை.

2. ஆன்லைனில் எடுத்தால் அது நேரடி புக்கிங் என்று அர்த்தமில்லை. விமானம், ஹோட்டல், பஸ் எல்லாம் விற்கும் பயணத் தளங்கள் கப்பலும் விற்கின்றன, அவையும் ஏஜென்ட்தான். முகம் தெரியாத ஏஜென்ட். கப்பல் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் எடுத்தால் மட்டுமே நேரடி. தேடலில் முதலில் வந்து நிற்கும் விளம்பர இணைப்பைத் தட்டுமுன் முகவரியை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

3. விலையைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: புக்கிங் யார் கையில் இருக்கிறது? ஏஜென்ட் மூலம் எடுத்தால், நிறுவனத்தின் கணினியில் அந்த புக்கிங்குக்கு உரிமையாளர் ஏஜென்ட்தான். பெயரில் எழுத்துப்பிழை, கேபின் மாற்றம், ஒருவரை நீக்குவது, தேதி மாற்றுவது என எதற்கு நிறுவனத்தை அழைத்தாலும், ‘உங்கள் ஏஜென்ட்டிடம் சொல்லுங்கள்’ என்று பணிவாகச் சொல்லிப் போனை வைத்துவிடுவார்கள். நல்ல ஏஜென்ட் என்றால் இது வரம்: ஒரு வாட்ஸ்அப் செய்தியோடு உங்கள் வேலை முடிந்தது. சனிக்கிழமை மாலை கடையைப் பூட்டிவிட்டுத் திங்கள் வரை போனை எடுக்காதவர் என்றால், ஞாயிறு கப்பலேறும் நீங்கள் தவிக்க வேண்டியதுதான். நேரடி புக்கிங்கில் எல்லாம் உங்கள் கையில். கால் சென்டரில் இசை கேட்டுக்கொண்டு காத்திருப்பதும் உங்கள் காதில். எனவே ஏஜென்ட்டிடம் முன்பணம் கொடுக்குமுன், ‘விடுமுறை நாளில், ராத்திரியில் யாரை அழைக்க வேண்டும்?’ என்று கேளுங்கள். பதில் வரும் வேகத்திலேயே ஆளை எடை போட்டுவிடலாம்.

4. நேரடியாக எடுக்கத் தயங்கவே வேண்டாத பயணங்கள் உண்டு. சென்னையில் ஏறிச் சென்னையிலேயே இறங்கும் இரண்டு மூன்று நாள் பயணம், அல்லது மும்பை–கோவா. இரண்டு பேர், ஒரே கேபின், விசா இல்லை, விமான இணைப்பு இல்லை. இதற்கு ஏஜென்ட் செய்யக்கூடிய உபகாரம் பெரிதாக எதுவுமில்லை. ஏற்கெனவே அதே நிறுவனத்தில் போய்வந்து உறுப்பினர் எண் வைத்திருப்பவர்களும் நேரடியாகவே எடுக்கலாம். ஏஜென்ட் மூலம் எடுத்தாலும் அந்த எண்ணைச் சேர்க்கச் சொன்னால் உறுப்பினர் சலுகை போகாது.

5. ஏஜென்ட்டைத் தேட வேண்டிய பயணங்கள் வேறு. அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு மூன்று தலைமுறை கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாத்தா பாட்டிக்கு லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் அறை வேண்டும். பேரப்பிள்ளைகள் இருக்கும் அறைக்கும் பெற்றோர் அறைக்கும் நடுவில் கதவு வேண்டும். அத்தைக்கு வெங்காயம் பூண்டு ஆகாது. துபாயிலிருந்து வரும் சித்தப்பா நேரே சிங்கப்பூரில் சேர்ந்துகொள்வார். இவ்வளவையும் இணையதளத்தின் கட்டங்களுக்குள் அடைக்க முடியாது. ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே எடுத்தால் ஒருவர் ஐந்தாம் தளத்தில் முன்கோடி, இன்னொருவர் பத்தாம் தளத்தில் பின்கோடி என்று சிதறிப்போவார்கள். ஐரோப்பா, அலாஸ்கா மாதிரி தூரத்துப் பயணத்தை முதன்முறையாகப் போகிறவர்களுக்கும் என் ஓட்டு ஏஜென்ட்டுக்கே.

6. எல்லா டிராவல்ஸ்காரர்களுக்கும் கப்பல் தெரியாது. திருப்பதி வேன், காசி–கயா டூர், துபாய் விசா என்று நடத்துபவர் நேர்மையானவராக இருக்கலாம். கப்பல் விற்ற அனுபவம் இல்லாமலிருக்கலாம். ‘இந்தக் கப்பலில் எந்தத் தளத்தில் சத்தம் குறைவு?’ என்று ஒன்று கேட்டுப் பாருங்கள். தெரிந்தவர் உடனே தளப் படத்தை எடுத்து நீட்டுவார். தெரியாதவர், ‘எல்லா ரூமும் நல்லாத்தான் சார் இருக்கும்’ என்பார். டாஃபி, டாய் போன்ற பயண முகவர் சங்கங்களில் உறுப்பினரா, சுற்றுலா அமைச்சக அங்கீகாரம் உண்டா, ஜிஎஸ்டி எண் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

7. விலைப்பட்டியல் கேட்கும்போது நடக்கும் உரையாடல் அநேகமாக இப்படித்தான் இருக்கும்.

‘எல்லாம் இன்க்ளூடட் சார்.’
‘துறைமுக வரி?’
‘அது மட்டும் தனி சார்.’
‘டிப்ஸ்?’
‘அது கப்பல்லயே கட்டணும் சார்.’
‘ஜிஎஸ்டி?’
‘அது கவர்ன்மென்ட்டுக்குப் போறது சார்.’

ஆகவே வாய்ச்சொல்லோடு விடாதீர்கள். அடிப்படைக் கட்டணம், துறைமுகக் கட்டணமும் வரியும், டிப்ஸ், ஜிஎஸ்டி, ஏஜென்ட்டின் சேவைக் கட்டணம் என்று ஐந்து வரியாகப் பிரித்து மெயிலில் வாங்குங்கள். டிப்ஸ் சின்ன விஷயமில்லை. வெளிநாட்டுப் பெருங்கப்பல்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 டாலர் வரை தானாகவே கணக்கில் ஏறும், குழந்தைக்கும் சேர்த்து. நால்வர் குடும்பம் நான்கு இரவு போனால் 256 டாலரிலிருந்து 320 டாலர் வரை. இதை முன்கூட்டியே கட்டும் வசதி இருந்தால் கட்டிவிடுங்கள். கடைசி நாள் காலையில் அறைக் கதவடியில் வந்து கிடக்கும் பில்லைப் பார்த்து மூச்சு முட்டாது.

8. இணையதள விலையும் முதல் பக்கத்தில் சிரிக்கும், கடைசிப் பக்கத்தில் முறைக்கும். பெரிய எழுத்தில் தெரிவது ‘ஒருவருக்கு, இருவர் தங்கும் அறையில்’ என்ற கணக்கு. தனியாகப் போகிறவர் அதே அறைக்கு ஏறக்குறைய இரண்டு பேர் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். மூன்றாவது, நான்காவது ஆளுக்குப் பெரும்பாலும் விலை குறையும். சில சமயம் வரி மட்டும்தான். ஒப்பிடுவதானால் இரண்டு பக்கத்திலும் ஒரே தேதி, ஒரே அறை வகை, ஒரே ஆட்கள் என்று போட்டுப் பணம் கட்டும் பக்கம் வரை சென்று அங்கே நிற்கும் தொகையை எழுதிக்கொள்ளுங்கள். ‘வசிக்கும் நாடு’ என்ற கட்டத்தில் இந்தியா என்று உண்மையையே போடுங்கள். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கான சலுகை விலையில் எடுத்துவிட்டுத் துறைமுகத்தில் இந்திய பாஸ்போர்ட்டை நீட்டினால் வம்பு.

9. பெயர். நம் ஊர்க்காரர்களுக்கு இது தனி அத்தியாயம். கார்த்திகேயனுக்கு ஆதாரில் முன்னால் எஸ், பான் அட்டையில் பின்னால் சுந்தரம், பாஸ்போர்ட்டில் இரண்டும் விரிந்த ஒரே நீளப் பெயர், குடும்பப் பெயருக்கான இடம் காலி. இணையதளப் படிவமோ குடும்பப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. அவசரத்தில் அங்கே ‘எஸ்’ என்று தட்டிவிட்டால் கப்பல் டிக்கெட்டில் ஒரு பெயர், விமான டிக்கெட்டில் ஒரு பெயர் என்று ஆகிவிடும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, இரண்டு டிக்கெட்டிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். குடும்பப் பெயர் இடம் காலியாக இருப்பவர்கள், அங்கே என்ன நிரப்புவது என்று கப்பல் நிறுவனத்திடம் மெயிலில் கேட்டு, வந்த பதிலைப் பிரிண்ட் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட் மூலம் என்றால் பெயரை வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்து அனுப்பாதீர்கள். பாஸ்போர்ட் முதல் பக்கத்தின் தெளிவான படத்தை அனுப்புங்கள். உறுதிச் சீட்டு வந்த அன்றே ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள். முதல் நாளில் இலவசமாகத் திருத்தித் தருபவர்கள், பயணத்துக்குப் பத்து நாள் முன்னால் கட்டணம் கேட்பார்கள்.

10. விசா விஷயத்தில் இணையதளம் உங்களைக் காப்பாற்றாது. ‘உரிய ஆவணங்கள் பயணியின் பொறுப்பு’ என்று ஒரு வரி எழுதிவிட்டு ஒதுங்கிவிடும். சிங்கப்பூரில் ஏறிச் சிங்கப்பூரிலேயே இறங்குவதென்றால் அந்த நாட்டுக்குள் இரண்டு முறை நுழைகிறீர்கள்: விமானத்தில் ஒருமுறை, கப்பலில் ஒருமுறை. விசா அதற்கு இடம் கொடுக்கிறதா என்று பாருங்கள். சிங்கப்பூர் விசாவுக்கு நம்மவர்கள் பொதுவாக அந்நாட்டுத் தூதரகம் அங்கீகரித்த ஏஜென்ட் வழியாகத்தான் விண்ணப்பிக்கிறோம். எப்படியும் ஒரு ஏஜென்ட்டிடம் போகத்தான் வேண்டும் என்றால் கப்பலையும் அவரிடமே கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை. மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு விசா இல்லாத நுழைவைக் கொடுத்தது. இத்தகைய சலுகைகள் காலவரையறை உள்ளவை என்பதால் கிளம்புமுன் மறுபடி பார்க்க வேண்டும். சிங்கப்பூர், மலேசியா இரண்டுக்கும் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அது இலவசம், கட்டணம் கேட்கும் தளம் அரசுத் தளமில்லை. பாஸ்போர்ட்டில் ஆறு மாதக் காலம் மிச்சமிருக்க வேண்டும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஐரோப்பாவில், நடுவில் துருக்கிக்குப் போய்த் திரும்பும் பயணமென்றால் பலமுறை நுழையும் ஷெங்கன் விசா வேண்டும்.

11. கேபின் எண்ணை நீங்களே தேர்ந்தெடுங்கள். குமட்டல் வரும் உடம்புக்காரர்களுக்குக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் ஆட்டம் குறைவு. நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே எடுத்தால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம் தலைமேல் கேட்கும். நடன அரங்குக்கு மேலோ கீழோ எடுத்தால் நள்ளிரவு வரை அதிரும். ‘பார்வை மறைக்கப்பட்டது’ என்று போட்டிருந்தால் ஜன்னலுக்கு வெளியே கடலுக்குப் பதில் உயிர்காப்புப் படகின் முதுகு தெரியும். அதைத் தெரிந்தே மலிவாக வாங்குவதில் தப்பில்லை. இணையதளத்தில் தளப் படத்தைத் திறந்துவைத்து, மேல் தளத்தையும் கீழ்த் தளத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, எண்ணை முடிவு செய்துகொண்டு, பிறகு ஏஜென்ட்டிடம் அந்த எண்ணைச் சொல்லி எடுக்கச் சொல்வது என்பது நானறிந்த வரையில் நல்ல உத்தி. எம்ப்ரஸ் மாதிரி 1990-இல் கட்டிய கப்பலில் பால்கனி அறைகள் குறைவு. அது கட்டாயம் வேண்டுமென்றால் சீக்கிரமே முந்திக்கொள்ள வேண்டும்.

12. ‘கேரண்டி’ அறை என்று விலை குறைத்து விற்பார்கள். அறையின் வகை மட்டும்தான் உறுதி. எந்த அறை என்பது அவர்கள் இஷ்டம். இளசுகள் எடுக்கலாம். முழங்கால் வலிக்காரர்கள் வேண்டாம்.

13. டாலரில் விலை போட்டிருக்கும் தளத்தில் நம் ஊர் கிரெடிட் கார்டைத் தேய்த்தால், வங்கி அந்நியச் செலாவணிக் கட்டணம் என்று 3.5 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளும். அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு. இரண்டு லட்ச ரூபாய்ப் பயணத்தில் இது 8,260 ரூபாய். நேரடியாக எடுத்ததில் மிச்சம் என்று நினைத்த தொகை இங்கேயே கரைந்துபோகலாம். இந்தக் கட்டணம் குறைவாக உள்ள கார்டு வைத்திருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். ‘ரூபாயிலேயே கட்டுகிறீர்களா?’ என்று அந்தத் தளம் கருணையோடு கேட்டால், வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர்கள் போடும் மாற்று விகிதம் உங்கள் வங்கியுடையதைவிடப் பெரும்பாலும் மோசமாக இருக்கும்.

14. இந்திய ஏஜென்ட்டிடம் வெளிநாட்டுப் பயணப் பேக்கேஜாக வாங்கினால் டிசிஎஸ் என்று ஒரு தொகையைப் பிடித்துக்கொள்வார்கள். 2023 அக்டோபர் முதல் 7 லட்சம் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம் என்று இருந்தது; 2025 ஏப்ரலில் அந்த வரம்பு 10 லட்சமானது. பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும் சங்கதி இது. கட்டும் அன்று என்ன விகிதம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இது ஏஜென்ட் அடிக்கும் கொள்ளை என்று சண்டைக்குப் போகாதீர்கள். உங்கள் பான் எண்ணில் வரியாக வரவாகும். கணக்குத் தாக்கலில் கழித்துக்கொள்ளலாம், மிச்சமிருந்தால் திரும்பப் பெறலாம். ஒரே ஒரு கவனம்: வீட்டில் யார் வரி கட்டுகிறாரோ அவர் பான் எண்ணில், அவர் கணக்கிலிருந்து பணம் போவது நல்லது. ஓய்வுபெற்ற மாமனார் பெயரில் பிடித்துவிட்டால், அதைத் திரும்ப வாங்க அவர் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கும்.

15. பணம் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது உங்கள் வேலை. ஏஜென்ட் தன் லெட்டர்ஹெட்டில் கொடுக்கும் ரசீது போதாது. கப்பல் நிறுவனம் கொடுக்கும் புக்கிங் எண்ணைக் கேட்டு வாங்கி, நிறுவனத்தின் தளத்திலோ ஆப்பிலோ உங்கள் பெயரோடு அதைப் போட்டுப் பாருங்கள். பெயரும் கப்பலும் தேதியும் அங்கே வர வேண்டும். கட்டிய தொகையும் மீதித் தொகையும் காட்டினால் இன்னும் நல்லது. ‘குரூப்பில் இருக்கு, அப்புறம் வரும்’ என்று இழுத்தால், எந்தத் தேதியில் வரும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தனிநபரின் ஜிபே எண்ணுக்கு முழுப் பணத்தையும் அனுப்புவது ஆபத்து. நிறுவனக் கணக்குக்குக் காசோலையாகவோ வங்கிப் பரிமாற்றமாகவோ கட்டி, ஜிஎஸ்டி பில் வாங்கிவிடுங்கள்.

16. ரத்துக் கட்டணம் இரண்டு அடுக்காக வரலாம்: நிறுவனத்துக்கு ஒன்று, ஏஜென்ட்டுக்கு ஒன்று. பெரிய நிறுவனங்கள் பலவற்றில் முழுப் பணம் கட்டும் கெடு பயணத்துக்கு 75 முதல் 90 நாட்களுக்கு முன்பே வந்துவிடும். அதற்குப் பின் ரத்து செய்தால் நாள் நெருங்க நெருங்கத் திரும்பும் தொகை தேயும். ‘திருப்பித் தரப்படாத முன்பணம்’ என்று போட்டிருக்கும் மலிவு விலையில், கெடுவுக்கு முன்பே ரத்து செய்தாலும் முன்பணம் போய்விடும். பிளஸ் டூ தேர்வுத் தேதி அறிவிக்காத நிலையில் மே மாதத்துக்கு இந்த வகையில் எடுக்காதீர்கள்.

17. எடுத்த பிறகும் விலையைக் கவனியுங்கள். முழுப் பணம் கட்டும் கெடுவுக்கு முன் அதே அறை வகையின் விலை இறங்கினால், பல நிறுவனங்கள் புதிய விலைக்கு மாற்றித் தருகின்றன; எல்லாரும் இல்லை, எல்லாக் கட்டண வகைக்கும் இல்லை. தானாக யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். விலை குறைந்தால் ஏஜென்ட்டின் கமிஷனும் குறைகிறது, அவர் ஏன் மெனக்கெடப் போகிறார் என்று சந்தேகம் வரும். அப்படியும் வாடிக்கையாளருக்காகப் பார்த்துச் சொல்லும் ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள், கிடைத்தால் விடாதீர்கள்.

18. நேரடியாக எடுத்துவிட்டு, பிறகு தலைவலி தாங்காமல் ஏஜென்ட்டிடம் ஒப்படைக்க நினைத்தால் அதற்கும் வழி உண்டு. சில நிறுவனங்கள் எடுத்த குறிப்பிட்ட நாட்களுக்குள், முழுப் பணம் கட்டியிராவிட்டால், ஏஜென்ட் பெயருக்கு மாற்ற அனுமதிக்கின்றன. ஏஜென்ட்டிடமிருந்து நம் கைக்கு மாற்றுவதுதான் கடினம். ஆகவே எந்தப் பக்கம் போவது என்று மதில்மேல் பூனையாக இருப்பவர்கள் முதலில் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் நேரடியாக எடுக்கலாம்.

19. பெரிய கூட்டமாகப் போகிறீர்களா? பல நிறுவனங்களில் எட்டு அறை, பதினாறு பேர் சேர்ந்தால் அது ‘குழு’. பதினாறு பேருக்கு ஒருவருடைய அடிப்படைக் கட்டணம் தள்ளுபடியாகத் திரும்பும் வழக்கமும் உண்டு. அந்தத் தள்ளுபடி யாருக்குப் போகிறது, உங்கள் குடும்பத்துக்கா, ஏஜென்ட்டின் லாபத்துக்கா என்று முதலிலேயே பேசிவிடுங்கள். கல்யாண மண்டபத்துக்குப் பேரம் பேசத் தெரிந்த நமக்கு இதில் என்ன கூச்சம்? ஒரே நேரத்தில் சாப்பாடு, பக்கத்துப் பக்கத்து மேஜை என்று எழுதி வாங்குவதும் குழுவாக இருந்தால் எளிது.

20. ஏஜென்ட் மூலம் எடுத்தாலும் மற்றதையெல்லாம் அவரிடமே வாங்க வேண்டியதில்லை. புக்கிங் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் சேர்த்துவிட்டால் வைஃபை, குடிபானப் பேக்கேஜ், கரையில் ஊர் சுற்றிக் காட்டும் டூர் எல்லாம் நீங்களே வாங்கலாம். கப்பலேறிய பிறகு வாங்குவதைவிட முன்கூட்டி வாங்குவது பெரும்பாலும் மலிவு. சைவம், ஜைன உணவு, அலர்ஜி போன்றவற்றை மட்டும் ஏஜென்ட்டிடமும் சொல்லி, நிறுவனத்துக்கும் எழுதி, ஏறிய அன்று உணவகத்திலும் நினைவூட்டுங்கள். மூன்றில் ஒன்றாவது பலிக்கும்.

21. விமானத்தையும் கப்பலையும் ஒரே நாளில் கோக்காதீர்கள். சென்னையிலிருந்து ராத்திரி கிளம்பி, காலையில் சிங்கப்பூரில் இறங்கி, மதியம் கப்பல் என்பது தாளில் அழகாக இருக்கும். விமானம் நான்கு மணி நேரம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. முதல் நாளே போய்ச் சேருங்கள். விமானத்தையும் கப்பல் நிறுவனம் அல்லது ஏஜென்ட் வழியாகவே சேர்த்து எடுத்திருந்தால், தாமதம் நேரும்போது அடுத்த வழி பார்க்க ஓர் ஆள் இருப்பார். தனித்தனியே எடுத்தால் அந்த ஆள் நீங்களே.

22. காப்பீட்டை, புக்கிங் பக்கத்தின் அடியில் டிக் செய்யச் சொல்லும் கட்டத்தோடு முடித்துக்கொள்ளாதீர்கள். கப்பல் மருத்துவர் ஊசி போட்டாலும் பில் டாலரில்தான். கப்பலில் ஆகும் மருத்துவச் செலவு, அவசரத்தில் கரைக்குக் கொண்டுபோகும் செலவு, ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவை பாலிசியில் வருகின்றனவா என்று வரி வரியாகப் படியுங்கள். 24 வாரம் நிறையும் கர்ப்பிணிகளையும் ஆறு மாதம் நிரம்பாத குழந்தைகளையும் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. பயணம் முடியும் நாளில் எத்தனை வாரம் என்று கணக்குப் பாருங்கள்.

23. ஒரு துறைமுகத்தில் கப்பல் நிற்காமலே போகலாம். கடல் சீற்றமாக இருந்தால், குறிப்பாக லட்சத்தீவு மாதிரி நடுக்கடலில் நிறுத்திப் படகில் கரைக்குக் கொண்டுபோகும் இடங்களில், இறங்க முடியாது. ஊரை மாற்றும் உரிமையை ஒப்பந்தம் கப்பல்காரருக்குத்தான் கொடுக்கிறது. அந்தத் துறைமுக வரி மட்டும் திரும்பும். இதற்காக ஏஜென்ட்டிடம் கோபப்பட்டுப் பயனில்லை.

24. தகராறு என்று வந்தால் எந்தக் கோர்ட்டுக்குப் போவீர்கள்? வெளிநாட்டு நிறுவனத்திடம் எடுத்த டிக்கெட்டின் நிபந்தனைகளில் வழக்கு எங்கே நடக்கும் என்று ஒரு வரி இருக்கும். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த ஷூட் தம்பதி உள்ளூர் ஏஜென்ட்டிடம்தான் கார்னிவல் கப்பலுக்கு டிக்கெட் வாங்கினார்கள். மெக்சிகோ கடற்கரைக்கு அப்பால் கப்பலில் மனைவி வழுக்கி விழுந்தார். சொந்த மாநிலத்தில் வழக்குப் போட்டார்கள். டிக்கெட்டில் புளோரிடா என்று அச்சடித்திருக்கிறது, அங்கேதான் போக வேண்டும் என்று 1991-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த நாட்டுக்காரருக்கே அந்தக் கதி. இந்திய ஏஜென்ட்டிடம் வாங்கினால் அவருடைய சேவைக் குறைபாட்டுக்காவது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய சேவைக்குப் புகார்க் கட்டணமும் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்துப் பார்க்கலாம். நூறு பக்க நிபந்தனையில் வேறெதைப் படிக்காவிட்டாலும் ரத்து விதியையும் இந்த ஒரு வரியையும் படித்துவிடுங்கள்.

25. வணிக வளாகத்தில் சீட்டு எழுதிப் போட்டவர்களுக்கு ‘இலவசக் கப்பல் பயணம் விழுந்திருக்கிறது, மனைவியோடு ஹோட்டலுக்கு வாருங்கள், கிரெடிட் கார்டையும் எடுத்து வாருங்கள்’ என்று போன் வரும். அங்கே இரண்டு மணி நேரம் உட்காரவைத்து வேறு எதையோ தலையில் கட்டுவார்கள். போக வேண்டாம். அதேபோல் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடலில் எடுக்காதீர்கள். போலி எண்கள் மலிந்து கிடக்கின்றன. நிறுவனத்தின் தளத்திலோ உறுதிச் சீட்டிலோ உள்ள எண் மட்டும்.

26. யாரிடம் எடுத்தாலும் ஆன்லைன் செக்-இன் உங்கள் வேலை. புகைப்படம் ஏற்றுவது, பாஸ்போர்ட் விவரம், கப்பலில் ஆகும் செலவுக்குக் கார்டு, துறைமுகத்துக்கு வரும் நேரம் எல்லாம் அதில்தான். சீக்கிரம் செய்தவர்களுக்கு நல்ல நேரம் கிடைக்கும். பெட்டியில் ஒட்டும் சீட்டையும் அதிலேயே பிரிண்ட் எடுத்துவிடலாம். பெட்டிகள் அறைக்கு வர மாலையாகிவிடும் என்பதால் மருந்து, பாஸ்போர்ட், குழந்தைக்கு ஒரு மாற்றுத் துணி கைப்பையில் இருக்கட்டும். அயர்ன் பாக்ஸ், எலெக்ட்ரிக் கெட்டில், சின்ன ரைஸ் குக்கர் எதையும் பெட்டிக்குள் ஒளித்து வைக்காதீர்கள். ஸ்கேனில் பிடித்துப் பெயர் எழுதி ஓர் அறையில் அடுக்கிவைத்துவிட்டு, இறங்கும் நாளில்தான் திருப்பிக் கொடுப்பார்கள்.